ஜீப் ஏன் அதிர்ந்தது?

சென்ற குளிர்கால விடுமுறையில் நண்பர் ஒருவரின் பழைய ஜீப்பில் நாங்கள் நால்வர் புனேயிலிருந்து மகாபலேசுவரத்துக்குப் புறப்பட்டோம். மணிக்கு 50 கிலோமீட்டரைத் தொட்டதும் வண்டியின் தரை அதிர்ந்தது. கிளட்சை விடும்போதெல்லாம் அடியில் ‘டங்’கென்று ஓர் ஓசை. “பௌதிகம் படிப்பவன் நீ; என்னவென்று சொல்” என்றார்கள். என்னால் சொல்ல முடியவில்லை. மலைப்பாதை வருமுன் திரும்பிவிட்டோம். பின்னர் நான் அறிந்ததைப் பழைய வண்டி வைத்திருக்கும் நம் தோழர்களுக்காக எழுதுகிறேன்.

எஞ்சினின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டு செல்வது ‘புரொப்பெல்லர் ஷாப்ட்’ என்னும் குழாய்த் தண்டு. மேடு பள்ளங்களில் அச்சு ஏறி இறங்குமல்லவா? அதற்கேற்பத் தண்டு மடங்குவதற்காக இரு முனைகளிலும் சிலுவை வடிவான ‘கிராஸ்’ வைத்த யுனிவர்சல் ஜாயிண்டுகள் உள்ளன.

முதலில் நோய் எதுவென அறிய வேண்டும். ஒரே வேகத்தில் கியரை மட்டும் மாற்றிப் பாருங்கள். அதிர்வு மாறினால் குற்றம் எஞ்சின் பக்கம்; மாறாவிட்டால் தண்டிலோ சக்கரத்திலோ. ஸ்டியரிங் நடுங்கினால் பெரும்பாலும் முன்சக்கரம். தரையும் இருக்கையும் நடுங்கினால் தண்டைச் சந்தேகிக்கலாம். மெல்லப் போகையில் ‘கீச்’சென்றால் கிராஸில் கிரீஸ் வற்றியிருக்கும். புறப்படுகையில் ‘டங்’கென்றால் கிராஸ் தேய்ந்திருக்கலாம். எஞ்சினை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, தண்டைக் கையால் முறுக்குங்கள்; ஜாயிண்டில் ஆட்டம் தெரிந்தால் ஐயமில்லை. அதைத் தள்ளிப்போடக் கூடாது. ஓட்டத்தில் முன் ஜாயிண்ட் முறிந்தால் தண்டு சாலையில் குத்தி வண்டியையே கவிழ்த்துவிடலாம்.

எங்கள் ஜீப்பில் இரு கிராஸ்களும் தேய்ந்திருந்தன. நானே மாற்றினேன். ‘டங்’ நின்றது, அதிர்வோ முன்னிலும் கூடிற்று! நாமக்கல்லில் லாரிப் பட்டறையில் வேலை செய்யும் என் தந்தையாரைத் தொலைபேசியில் அழைத்தேன். “கழற்றுமுன் கோடு போட்டாயா?” என்று ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

அந்தக் கோட்டின் காரணம் பௌதிகத்தில் இருக்கின்றது. மடங்கிய ஜாயிண்ட் சீராகச் சுழலாது. கோணம் 10 பாகையானால், உள்ளே வரும் வேகம் சீராயிருந்தும், வெளியேறும் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இரு முறை சுமார் 1.5 விழுக்காடு கூடியும் குறைந்தும் வரும். முதல் ஜாயிண்டின் இக்குற்றத்தை இரண்டாவது ஜாயிண்ட் எதிர்க்குற்றம் செய்து ஈடுகட்டுகின்றது. தண்டின் இருமுனைக் கவைகளும் ஒரே தளத்தில் இருந்து, இரு கோணங்களும் சமமானால்தான் இது நடக்கும். ஜீப்பின் தண்டோ, பற்களில் நழுவும் இரு துண்டுகளால் ஆனது. பல் மாற்றிச் செருகினால் ஈடு கெடும். கால் சுற்று மாறினால் குற்றத்தோடு குற்றம் சேரும்.

அழுக்கைச் சுரண்டிப் பார்த்தேன். இரு துண்டுகளிலும் அம்புக்குறிகள் இருந்தன! அவற்றை நேர்ப்படுத்திப் பூட்டியதும் அதிர்வு அடங்கிற்று.

இன்னோர் எச்சரிக்கை. பழைய ஜீப்புகளில் கைபிரேக் சக்கரத்தில் இல்லை. தண்டின் தலைமாட்டில் இருக்கின்றது. தண்டைக் கழற்றினால் கியரும் கைபிரேக்கும் வண்டியை நிறுத்தா. ஆகவே கட்டை கொடுக்காமல் அடியில் நுழையாதீர்கள்.

இந்த ஜாயிண்டின் சமன்பாட்டைத் தேர்வில் பிழையின்றி எழுதியவன் நான். எழுதாத தந்தையார் நாற்பது ஆண்டுகளாகக் கோடு போட்டுவிட்டுத்தான் கழற்றுகிறார்.