நிலம்தான் இருக்கிறதே, அப்புறம் என்ன நஷ்டம்? சாலை விபத்து இழப்பீட்டில் விவசாயக் குடும்பங்கள் கோட்டை விடும் இடங்கள்

விடியற்காலையில் பால் கேனோடு சொசைட்டிக்கு நடப்பவர், பொழுது சாயும் நேரத்தில் புல்லுக்கட்டோடு தார்ச்சாலையைக் கடப்பவர்... இவர்கள்மீது பைக்கோ டிராக்டரோ மோதினால், ஊரில் முதலில் கூடுவது பஞ்சாயத்துதான். ‘நம்மூர்ப் பையன், கேஸு எதுக்கு? ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்துடுவான்’ என்று பேசி முடிப்பார்கள். மருத்துவமனையிலும், ‘வரப்புல வழுக்கி விழுந்துட்டார்’ என்று சொல்லிவிடுவார்கள். அந்த ஒரு வரி விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர்) ஏறிவிட்டால், பிறகு எந்த வக்கீல் வந்தாலும் வழக்கைத் தூக்கி நிறுத்துவது கஷ்டம்.

வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு இருந்தால், இழப்பீட்டைக் கொடுக்க வேண்டியது இன்ஷூரன்ஸ் நிறுவனம். பையனுடைய அப்பா நிலத்தை விற்றுக் கொடுக்கப்போவதில்லை. ஓட்டியவரிடம் லைசென்ஸ் இல்லாவிட்டாலும், நிறுவனம் முதலில் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி நீதிமன்றங்கள் உத்தரவிடுவதுண்டு. காப்பீடே இல்லாத வண்டி என்றால்தான் சுமை உரிமையாளர் தலையில் விழும். ஆகவே, வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு, நடந்ததை நடந்தபடி மருத்துவரிடம் சொல்லி, காவல் நிலையத்தில் எஃப்.ஐ.ஆர் பதிவு செய்து நகல் வாங்குவதுதான் முதல் வேலை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-வது பிரிவில், விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும். விபத்து வெளியூரில் நடந்திருந்தாலும், குடும்பம் வசிக்கும் பகுதியின் தீர்ப்பாயத்திலேயே போடலாம்.

யார்மீது தவறு என்று நிரூபிக்காமலே இறப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய் கேட்க 164-வது பிரிவு இருக்கிறது. ஆனால், அதை வாங்கிக்கொண்டால் 166-ல் கூடுதலாகக் கேட்கும் வழி அடைபட்டுவிடும். அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடக் கூடாது.

பால் சீட்டும் பணம்தான்

வழக்கு விசாரணையில் விவசாயிக்கு விழும் பெரிய அடி, வருமானக் கணக்கு. ‘நிலம் வாரிசுகளிடம்தானே இருக்கிறது, என்ன நஷ்டம்?’ என்று கேட்பார்கள். நிலம் இருந்தாலும், அதைப் பார்த்துக்கொள்ள இனி ஆள் வைக்க வேண்டியிருக்கும் என்பதை உச்ச நீதிமன்றம் ஜஸ்பீர் கவுர் வழக்கிலேயே (2003) ஏற்றிருக்கிறது. உழைப்பும் மேற்பார்வையும் போனதுதான் நஷ்டம். அதை வாயால் சொன்னால் போதாது, காகிதம் வேண்டும்.

45 வயது விவசாயி ஒருவர் இறந்துபோகிறார். மனைவி, இரண்டு பிள்ளைகள். மாத வருமானம் 9,000 ரூபாய் என்று தீர்ப்பாயம் எடுத்துக்கொண்டால், எதிர்கால உயர்வுக்காக 25 சதவிகிதம் கூட்டி, அவருடைய சொந்தச் செலவுக்கு மூன்றில் ஒரு பங்கைக் கழித்து, வயதுக்குரிய 14-ஆல் பெருக்குவார்கள். வருவது 12,60,000 ரூபாய். அதே ஆளுக்கு 12,000 என்று நிரூபித்தால் 16,80,000. மாதம் 3,000 ரூபாய்க்கான காகிதம் இல்லாததால், 4,20,000 ரூபாய் போய்விடுகிறது. பால் சொசைட்டிப் பட்டுவாடா சீட்டு, ஒழுங்குமுறை விற்பனைக்கூட ரசீது, நேரடி நெல் கொள்முதல் பணம் ஏறிய பாஸ்புக், அடங்கல், குத்தகை ஒப்பந்தம் எல்லாமே இதற்கு உதவும். தகரப் பெட்டியில் கரையான் அரிக்க விடக் கூடாது.

அடிபட்டது வீட்டுப் பெண் என்றால், ‘சும்மா வீட்டில்தான் இருந்தார்’ என்று குடும்பத்தாரே சொல்லிவிடுகிறார்கள். இது பெரிய அநியாயம். வீட்டு வேலைக்கும் பணமதிப்பு உண்டு என்பதை உச்ச நீதிமன்றம் 2021-ல் கீர்த்தி வழக்கில் மீண்டும் உறுதி செய்தது. மாடு கறந்ததையும், களை எடுத்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

உயிர் தப்பியவர்களுக்கும் ஒரு விஷயம். முழங்கால் மடங்காமல் போனதை மருத்துவச் சான்று ‘30 சதவிகித ஊனம்’ என்று சொல்லலாம். மேஜை வேலை பார்ப்பவருக்கு அது 30-ஆகவே இருக்கட்டும். சேற்றில் இறங்கி நாற்று நடுபவருக்கும் தென்னை ஏறுபவருக்கும் பிழைப்பே போன மாதிரி. செய்யும் தொழிலை வைத்துத்தான் வருமான இழப்பை அளக்க வேண்டும் என்பது ராஜ்குமார் வழக்குத் தீர்ப்பு (2010). தொழிலை மனுவில் விவரமாக எழுதச் சொல்லி வக்கீலிடம் கேட்க வேண்டும்.

மோதிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டால், வருவாய்க் கோட்ட அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம்: இறப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள், நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். தொலைபேசி எண் 15100. பெண்களுக்கும் பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள்.