எட்டுக்கு மட்டும் ஏன் மைனஸ் வருது?

செருப்பை வாசலில் விட்டுட்டு, ஏசி குளிரில் நடுங்கிக்கிட்டே கம்ப்யூட்டர் லேபுக்குள் நுழைஞ்ச முதல் நாள் ஞாபகம் இருக்கா பாஸ்? 'ஹலோ வேர்ல்டு' ஸ்கிரீனில் வந்ததும், பில் கேட்ஸுக்கே போட்டியா வந்துட்ட மாதிரி ஒரு கெத்து வரும். அடுத்த வாரமே ஃபேக்டோரியல் புரோகிராம். அங்கேதான் கதை மாறும்.

என் ரூம்மேட் கதையும் அங்கேதான் மாறியது. பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். கணக்கில் சென்டம் அடிச்சவன். டர்போ சி-யில் புரோகிராமை அடிச்சு 5 கொடுத்தான், 120 வந்தது. 7 கொடுத்தான், 5040. ஆஹா! 8 கொடுத்தான்... மைனஸ் 25216!

ப்ளஸ் நம்பர்களை மட்டுமே பெருக்கினா மைனஸ் எப்படி வரும்? ராத்திரி முழுக்க அப்சர்வேஷன் நோட்டில் கையால் பெருக்கிப் பெருக்கிப் பார்த்தான். 40320 தான் வந்தது. மறுநாள் லேபில் போய்க் கேட்டான். கிடைச்ச பதில் இது: "ஏழு வரைக்கும் போட்டுக் காட்டு தம்பி. எக்ஸ்டர்னல் அதுக்கு மேல கேட்க மாட்டாங்க."

கேட்கவும் இல்லை. ரெக்கார்டில் சைன் வாங்கிட்டான். ஆனா, "நமக்கு இந்த புரோகிராமிங் எல்லாம் வராதுடா"ன்னு அன்னிக்கு முடிவு பண்ணினவன், மிச்ச வருஷம் முழுக்கப் பக்கத்து சிஸ்டத்தை எட்டிப் பார்த்தே காலத்தை ஓட்டினான்.

இத்தனைக்கும் அன்னிக்கு அந்த லேபில் கேட்கப்பட்டதிலேயே உருப்படியான கேள்வி அவனோடதுதான். பதிலும் ஒண்ணும் பிரம்ம ரகசியம் இல்லை. டர்போ சி-யில் 'இன்ட்' என்று அறிவிச்சா கிடைக்கிற இடம் 2 பைட், அதாவது 16 பிட். அதுக்குள்ள ப்ளஸ் பக்கம் 32767 வரைதான் அடங்கும். பழைய ஸ்கூட்டரில் கிலோமீட்டர் மீட்டர் 99999-ஐத் தாண்டினா 00000-க்குத் திரும்புமே, அதே கதை. இங்கே 32767-ஐத் தாண்டினா சுத்திக்கிட்டுப் போய் மைனஸ் 32768-ல் நிற்கும். ஒரு முழுச் சுற்று 65536. 40320-லிருந்து 65536-ஐக் கழிச்சுப் பாருங்க. மைனஸ் 25216 வருதா?

'சரி, லேபில் ஒரு விடை தப்பா வந்தா குடியா முழுகிடும்?' என்கிறீர்களா? 1996 ஜூன் 4-ம் தேதி, தென் அமெரிக்காவில் இருக்கும் பிரெஞ்சு கயானாவிலிருந்து ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட் முதல்முறையாகக் கிளம்பியது. சுமார் 40 செகண்டில் சிதறிப் போச்சு. உள்ளே 4 செயற்கைக்கோள்கள். காரணம், பக்கவாட்டு வேகம் சம்பந்தப்பட்ட ஒரு 64 பிட் தசம எண்ணை 16 பிட் முழு எண்ணாக மாற்றும்போது அடங்காமல் போனது. உடனே அந்த வழிகாட்டிக் கம்ப்யூட்டர் கையை விரிச்சிருச்சு. அதுக்கு மாற்றா வெச்சிருந்ததிலும் அதே புரோகிராம், அதுவும் கையை விரிச்சிருந்தது! இந்த கோடு ஏரியன் 4 ராக்கெட்டில் சமர்த்தா ஓடினது. ஏரியன் 5 அதைவிட வேகமா கிளம்புற ராக்கெட். அந்த வேகத்துக்கு யாரும் போட்டுப் பார்க்கலை. ஏழு வரைக்கும் போட்டுக் காட்டின கதைதான்.

'நாங்க இப்ப டர்போ சி எல்லாம் யூஸ் பண்றதில்ல பாஸ்' என்று காலரைத் தூக்கிவிட வேண்டாம். இன்றைய கம்பைலர்களில் இன்ட் பெரும்பாலும் 32 பிட். 8 கொடுத்தா ஒழுங்கா 40320 வரும், 12 வரைக்கும் சரியாவே வரும். 13 கொடுத்துப் பாருங்க, அனேகமா 1932053504 என்று வரும். சரியான விடை 6227020800. இது மைனஸைவிட மோசம். மைனஸ் வந்தா, 'ஏதோ தப்பு'ன்னாவது தோணும். இது நல்ல பிள்ளை மாதிரி வந்து நிற்கும், சந்தேகமே வராது. 1970 ஜனவரி 1-லிருந்து செகண்டுகளை 32 பிட்டில் எண்ணிக்கொண்டிருக்கும் சிஸ்டங்களுக்கெல்லாம் 2038 ஜனவரி 19-ல் இதே கண்டம் காத்திருக்கு.

ஸ்டேட் ஃபர்ஸ்ட்டுக்கு சைபர் பர்சன்ட்!

மார்க் ஷீட் புரோகிராம் அடிச்சவங்க எல்லோரும் இதில் ஒருதடவை விழுந்திருப்பீங்க. 500-க்கு 490. மார்க்கை மொத்தத்தால் வகுத்து 100-ஆல் பெருக்கு என்று எழுதுறீங்க. விடை: 0 பர்சன்ட்! 'நல்லா படிச்சாலும் மரியாதை இல்லையே' என்று கலங்க வேண்டாம். முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தா சி-யும் ஜாவாவும் முழு எண்ணையே தரும், புள்ளிக்குப் பிறகு வருவதைக் கத்தரிச்சுடும். 490/500 என்பது 0. அதை நூறால் பெருக்கினா என்ன, கோடியால் பெருக்கினா என்ன? 500-க்குப் பதில் 500.0 என்று எழுதினா போதும். பாரன்ஹீட் கணக்கில் 5/9 போட்டு முழிக்கிறதும் இதே வியாதிதான்.

புள்ளி வெச்சாச்சுன்னு நிம்மதியா இருக்கவும் முடியாது. 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டி முழுசா பிரிண்ட் பண்ணிப் பாருங்க, 0.30000000000000004 என்று வரும். மூணில் ஒரு பங்கை நாம 0.3333 என்று எழுதிக்கிட்டே போனாலும் முடியாதில்லையா? கம்ப்யூட்டருக்கு இருப்பது ரெண்டே இலக்கம். அதில் பத்தில் ஒரு பங்கு முடியவே முடியாது. எங்கேயோ ஒரு இடத்தில் வெட்டித்தான் ஆகணும். கேம்பஸ் இன்டர்வியூ பேப்பர்களில் ரொம்ப காலம் சுத்தின கேள்வி ஒண்ணு உண்டு. ஃப்ளோட் ஒன்றில் 0.7-ஐ வெச்சுட்டு, 'இது 0.7-க்குச் சமமா?' என்று கேட்டா 'இல்லை' என்று வரும். ஃப்ளோட் வெட்டின இடம் ஒண்ணு, 0.7 என்று நேரடியா எழுதும்போது சி எடுத்துக்கிற டபுள் வெட்டின இடம் வேறொண்ணு. அவ்வளவுதான் மேட்டர்.

இந்தத் துளியூண்டு வெட்டுக்கு ஒருமுறை 28 உயிர் போயிருக்கு. 1991 பிப்ரவரி 25, வளைகுடாப் போர். சவுதி அரேபியாவின் தஹ்ரானில் இருந்த அமெரிக்காவின் பேட்ரியாட் ஏவுகணைக் கருவி, நேரத்தைப் பத்தில் ஒரு செகண்டாக எண்ணிக்கொண்டிருந்தது. அதை செகண்டாக மாற்ற, 24 பிட்டில் வெட்டப்பட்ட 0.1-ஆல் பெருக்கல். தொடர்ந்து 100 மணி நேரம் ஓடினதில் சேர்ந்த பிழை சுமார் 0.34 செகண்ட். அதுக்குள் ஈராக்கின் ஸ்கட் ஏவுகணை அரை கிலோமீட்டருக்கு மேல் போயிடும். கருவி தப்பான இடத்தில் தேடியது. ஸ்கட், வீரர்கள் தங்கியிருந்த கட்டடத்தில் விழுந்தது. நீங்க பில்லிங் புரோகிராம் எழுதும்போது காசை ரூபாயாக இல்லாமல் பைசாக் கணக்கில் முழு எண்ணாக வெச்சுக்கிட்டா, பில்லில் ஒரு பைசா உதைக்காது.

ஒரே ஒரு கோடு குறைஞ்சா...

'இஃப்' உள்ளே சமமா என்று கேட்க == போடணும். அவசரத்தில் = போட்டா, கேட்பதற்குப் பதில் அந்த மதிப்பைத் தூக்கி உள்ளே வெச்சுடும். எரர் வராது. புரோகிராம் ஓடும். விடை மட்டும் கிறுக்குத்தனமா இருக்கும்.

ஃபர்ஸ்ட் இயர் பசங்க தப்புதானே என்று சிரிக்காதீங்க. 2003 நவம்பரில் லினக்ஸ் கெர்னலின் ஒரு பிரதியில் யாரோ நைசா ரெண்டு வரி சொருகிட்டாங்க. மேலோட்டமாப் பார்த்தா, 'யூசர் நம்பர் பூஜ்யமா?' என்று செக் பண்ற மாதிரி இருக்கும். ஆனா அங்கே இருந்தது ஒத்தை சமக்குறி! அதாவது, யூசர் நம்பரையே பூஜ்யமாக்கிடு. லினக்ஸில் பூஜ்யம் என்றால் ரூட், சர்வ அதிகாரம் படைச்ச ஆசாமி. அந்தப் பிரதி ஒரிஜினலோடு ஒத்துப்போகாததால் மாட்டிக்கிச்சு, ஒரிஜினலுக்குள் போகவே இல்லை. கம்பைலரில் வார்னிங்குகளை ஆன் பண்ணி வெச்சா, இந்தத் தப்பை அதுவே விரல் நீட்டிக் காட்டும். நாமதான் 'வார்னிங்தானே, எரர் இல்லையே' என்று தாண்டிப் போயிடுறோம்.

ஸ்கேன்எஃப் பற்றி வர்ற புலம்பல்களுக்குத் தனி சப்ளிமென்டே போடலாம். & போட மறந்தா புரோகிராம் ஏன் கிராஷ் ஆகுது? நீங்க கொடுக்க வேண்டியது வீட்டு அட்ரஸ். கொடுத்ததோ வீட்டுக்குள்ள இருந்த ஏதோ ஒரு நம்பர். அதையே அட்ரஸ்னு நம்பி, சம்பந்தமில்லாத யார் வீட்டுக் கதவையோ தட்டுது. 'தொடரணுமா, ஒய்யா என்னா?' என்று கேட்டுட்டு, பதில் சொல்றதுக்குள் அதுவா ஏன் ஓடிடுது? முன்னாடி நம்பர் அடிச்சுட்டு தட்டினீங்களே என்டர், அது இன்னும் வரிசையில் நின்னுக்கிட்டிருக்கு. அதையே உங்க பதிலா எடுத்துக்கிச்சு. %சி-க்கு முன்னால் ஒரு ஸ்பேஸ் விட்டா சரியாயிடும். 'ரமேஷ் குமார்' என்று அடிச்சா ரமேஷ் மட்டும் வருதா? இந்த இடத்தில் ஒரு சீனியர் வந்து "கெட்ஸ் போடுடா" என்பார். போடாதீங்க. எத்தனை எழுத்து வருதுன்னு பார்க்காமலே வாங்கிக் கொட்டுற ஃபங்ஷன் அது. 1988-ல் இன்டர்நெட்டையே ஸ்தம்பிக்க வெச்ச மோரிஸ் வார்ம் புகுந்த வழிகளில் அதுவும் ஒண்ணு. 2011-ல் வந்த சி ஸ்டாண்டர்டில் அதைத் தூக்கியே போட்டுட்டாங்க. 'எஃப்கெட்ஸ்' இருக்கு, அதுக்கு அளவு சொல்லிக் கொடுக்கலாம்.

ஐ++ + ++ஐ-க்கு என்ன விடை? பிளேஸ்மென்ட் புக்கெல்லாம் நாலு ஆப்ஷன் கொடுக்கும். இதைப் போட்டு மூளையைக் கசக்கின ராத்திரிகளை நினைச்சா எனக்கு இன்னும் கோபம் வருது. ஒரே எக்ஸ்பிரஷனில் இப்படி ஒரே வேரியபிளை ரெண்டு தடவை மாத்தினா, என்ன வரும் என்று சி ஸ்டாண்டர்டு எந்த உத்தரவாதமும் தரலை. ஒரு கம்பைலரில் ஒண்ணு வரலாம், இன்னொண்ணில் வேறொண்ணு வரலாம், ரெண்டையும் தப்புன்னு சொல்ல முடியாது. பரீட்சையில் வந்தா மார்க்குக்காக ஏதோ ஒன்றை டிக் பண்ணுங்க, வேலையில் எழுதிடாதீங்க.

37 எரர், ஒரே காரணம்

தமிழ் மீடியத்திலிருந்து வர்றவங்களை அதிகமா மிரட்டுறது லாஜிக் இல்லை, சிவப்பு சிவப்பா வர்ற அந்த இங்கிலீஷ்தான். 37 எரர்னு வந்ததும் கை நடுங்கும். பயப்படாதீங்க, முதல் எரரை மட்டும் படிங்க. ஒரு செமிகோலன் விட்டுப்போனா, கம்பைலர் குழம்பிப் போய் அதுக்குக் கீழே இருக்கிற நல்ல வரிகளைக்கூடத் திட்டும். முதலாவதைச் சரி பண்ணிட்டு மறுபடி கம்பைல் பண்ணினா, முப்பது எரர் தானா காணாமப் போகும். அது காட்டுற வரியில் தப்பே இல்லைன்னா, அதுக்கு மேல் வரியைப் பாருங்க. செமிகோலன் இல்லைன்னு அடுத்த வரிக்கு வந்த பிறகுதான் அதுக்கே தெரியும். தவிர, அந்த மெசேஜ்களில் மொத்தமே ஒரு நாப்பது, அம்பது வார்த்தைதான் திரும்பத் திரும்ப வரும். ஒரு நோட்டில் எழுதி, பக்கத்தில் தமிழில் அர்த்தம் போட்டு வெச்சா ஒரு செமஸ்டரில் முடிஞ்சது வேலை.

அப்பவும் புரியலைன்னா யாரையாவது பிடிச்சுக் கேளுங்க. "புரோகிராம் ஒர்க் ஆகலை மச்சி" என்று மட்டும் சொன்னா அவன் என்ன பண்ணுவான், பாவம்? என்ன கொடுத்தீங்க, என்ன வரும்னு நினைச்சீங்க, என்ன வந்தது, இந்த மூணையும் சொல்லணும். சொல்லச் சொல்லவே பாதி நேரம் உங்களுக்கே விடை தெரிஞ்சுடும். 1999-ல் ஆண்ட்ரூ ஹன்ட், டேவிட் தாமஸ் எழுதின 'தி பிராக்மாட்டிக் புரோகிராமர்' புத்தகத்தில், ரப்பர் வாத்துக்கிட்ட புரோகிராமை வரி வரியா விளக்கித் தப்பைக் கண்டுபிடிக்கிற ஆசாமி ஒருத்தர் வருவார். ஹாஸ்டலில் வாத்துக்கு எங்கே போறது? தலையணை போதும். இப்ப சாட்ஜிபிடி கிட்ட கேட்டா கோடையே திருத்திக் கொடுத்துடும்தான். அதுகிட்டயும் 'திருத்து' என்று சொல்றதுக்கு முன்னால், 'ஏன் இப்படி வந்தது?' என்று கேட்டுப் பாருங்க. நாளைக்கு இன்டர்வியூவில் உங்க எதிரே உட்கார்ந்திருக்கிறவர் அதைத்தான் கேட்பார்.

'சி படிக்கவா, ஜாவா படிக்கவா, பைத்தான் படிக்கவா?' என்று கேட்டு ஆறு மாசத்தை ஓட்டாதீங்க. ஏதாவது ஒண்ணு. பைத்தானில் முழு எண்ணுக்கு இடம் பத்தலைன்னா அதுவே இடத்தைப் பெருசாக்கிக்கும். 5/2 போட்டா 2.5 என்றே வரும். ஆனா 0.1 கூட்டல் 0.2 அங்கேயும் அதே கதைதான்.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனப்ப ரூம்மேட்டைப் பார்த்தேன். இப்ப துணிக்கடை வெச்சிருக்கான். பேச்சுவாக்கில் அந்த மைனஸ் 25216 கதையைச் சொல்லி, 16 பிட் கணக்கையும் சொன்னேன். கடை கால்குலேட்டரை எடுத்து 40320-லிருந்து 65536-ஐக் கழிச்சான். ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கிட்டிருந்தான். "இவ்வளவுதானாடா?" என்றான். வேற ஒண்ணும் சொல்லலை.

அன்னிக்கு ராத்திரி பதினோரு மணிக்கு அவன்கிட்டேயிருந்து ஒரு மெசேஜ்: 'போன்ல பைத்தான் போட்டு 20 கொடுத்தேன். மைனஸ் வரலை. ஏன்டா?'