இரண்டு வருஷம் உழைத்தால் போதும் என்று செய்த இன்ஜின்

1942-இல் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு அவசரமாகத் தேவைப்பட்டவற்றில் ஷண்டிங் இன்ஜினும் ஒன்று. படை என்றைக்காவது ஐரோப்பாவில் கரையிறங்கும். இறங்கும்போது அங்கே துறைமுகமும் ரயில் யார்டும் உருப்படியாக இருக்காது. குண்டு, பெட்ரோல், ரொட்டி என்று வந்து குவியும் சரக்கை வாகன் வாகனாகப் பிரித்து, எது எந்த ரயிலில் போக வேண்டுமோ அதில் கோர்த்துவிட வேண்டும். எல்.எம்.எஸ். ரயில்வேயில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த 'ஜின்டி' என்ற சிறிய இன்ஜினையே இதற்கும் செய்துகொள்ளலாம் என்றுதான் அரசு முதலில் நினைத்தது. லீட்ஸ் நகரத்து ஹன்ஸ்லெட் கம்பெனியின் தலைவர் எட்கர் ஆல்காக்குக்கு அதில் சம்மதமில்லை. ஜின்டி சமாதான காலத்துச் சொகுசு. அதைவிட எளிதாக, சீக்கிரமாகச் செய்யக்கூடிய ஒன்றைத் தன் கம்பெனியால் தர முடியும் என்று வாதாடி ஜெயித்தார்.

அப்படிப் பிறந்ததுதான் 'ஆஸ்டெரிட்டி'. ஆறு சக்கரம், 48 டன் எடை, சதுர அங்குலத்துக்கு 170 பவுண்டு நீராவி அழுத்தம். குறைந்தது இரண்டு வருஷம் கடுமையாக உழைத்தால் போதும் என்பதே நிபந்தனை. அதனால் அழகுக்காக ஒரு வளைவுகூடக் கிடையாது. எஃகு வார்ப்பு கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்த காலம். முடிந்த இடத்திலெல்லாம் வார்ப்பிரும்பைப் போட்டார்கள், இல்லாவிட்டால் தகட்டை வெட்டிப் பற்றவைத்தார்கள். முதல் இன்ஜின் 1943 தொடக்கத்தில் தயாரானது. ஹன்ஸ்லெட் மட்டும் செய்து மாளாது என்று ஆண்ட்ரூ பார்க்லே, பேக்னால், ஹட்ஸ்வெல் கிளார்க், வல்கன் ஃபவுண்ட்ரி, ராபர்ட் ஸ்டீவன்சன் அண்ட் ஹாத்தார்ன்ஸ் ஆகிய கம்பெனிகளுக்கும் வரைபடத்தைக் கொடுத்தார்கள். ராணுவக் கணக்கில் மட்டும் 377 இன்ஜின்கள்.

இதைப் பார்த்ததும் கண்ணில் படுவது தண்ணீர்த் தொட்டிதான். பாய்லரின் முதுகில் குதிரைச் சேணம் போலக் கவிழ்ந்து உட்கார்ந்திருக்கும். தண்ணீரின் கனம் முழுவதும் ஆறு சக்கரங்களின் மேல் இறங்குவதால் தண்டவாளத்தில் பிடிமானம் நன்றாக இருக்கும், வழுக்காமல் இழுக்கும். பின்னால் கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டர் வண்டி கிடையாது, ஆகவே முன்னும் பின்னும் ஒரே மாதிரி ஓடும். யார்டில் ஒரு நாளைக்கு நூறு தடவை திசை மாற்றுகிற இன்ஜினுக்கு இது பெரிய விஷயம். முதல் அச்சுக்கும் கடைசி அச்சுக்கும் நடுவே 11 அடிதான். துறைமுகத்துக் குறுகிய வளைவுகளில் மெயின் லைன் இன்ஜின் தடம் புரளும் இடத்தில் இது நெளிந்து போய்விடும்.

ஆனால் அந்தத் தொட்டியே, கரி போடும் ஃபயர்மேனுக்குத் தலைவலியும் கொடுத்தது. பாய்லருக்குள் தண்ணீரைத் தள்ளுவது இன்ஜெக்டர். பாய்லரின் நீராவியே ஒரு குறுகிய வாய் வழியாகப் பாய்ந்து தண்ணீரை இழுத்துக்கொண்டு, அதே பாய்லருக்குள் திரும்பச் செலுத்தும். முதல் முறை கேட்பவர்கள் நம்ப மாட்டார்கள், ஆனாலும் வேலை செய்கிறது. குளிர்ந்த தண்ணீரில் நீராவி சட்டென்று சுருங்குவதில்தான் அதன் சூட்சுமம். தொட்டியோ நாளெல்லாம் கொதிக்கும் பாய்லரின் மேல் இருக்கிறது. வெயில் காலத்தில், தொட்டியில் தண்ணீர் குறைந்த நேரத்தில், மிச்சத் தண்ணீர் சூடேறிவிட்டால் இன்ஜெக்டர் இருமித் துப்பிவிட்டு நின்றுவிடும். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டம் இறங்கிக்கொண்டே வரும். நெருப்புப் பெட்டியின் கூரைக்கு மேல் தண்ணீர் இல்லாமல் போனால் அங்கே பதித்திருக்கும் ஈயச் செருகி உருகி, நீராவி நெருப்பின் மேல் பாயும். அதோடு அந்த இன்ஜினின் வேலை முடிந்தது. ஃபயர்மேனின் பெயரும் கெட்டது. ஆகவே தொட்டியைக் காலியாக விடாமல் அடிக்கடி குளிர்ந்த தண்ணீர் நிரப்பிக்கொள்வது நல்ல ஃபயர்மேனின் பழக்கம்.

போரில் இவை என்ன சாதித்தன என்று கேட்டால் வீரக்கதை எதுவும் கிடைக்காது. 1944 ஜூன் இறுதியில் ஃபிரான்ஸின் ஷெர்பூர் துறைமுகம் நேச நாடுகளின் கைக்கு வந்தபோது ஜெர்மானியர்கள் அதைத் தகர்த்துவிட்டுப் போயிருந்தார்கள். டாங்கு ஏற்றும் கப்பல்களின் வயிற்றில் தண்டவாளம் பதித்து, ரயில் வண்டிகளை இங்கிலீஷ் கால்வாய்க்கு அக்கரை சேர்த்தார்கள். ஆஸ்டெரிட்டிகளில் பல ஃபிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து வரை போய்ப் பெட்டி தள்ளின. மற்றவை ஹாம்ப்ஷையரின் லாங்மூர் ராணுவ ரயில்வே போன்ற இடங்களில் சிப்பாய்களுக்கு ரயில் ஓட்டக் கற்றுக்கொடுத்தன.

போர் முடிந்ததும் இவற்றை உடைத்திருக்க வேண்டும். உடைக்கவில்லை. நெதர்லாந்து ரயில்வே 27 இன்ஜின்களை வாங்கியது. பிரிட்டனின் எல்.என்.இ.ஆர். ரயில்வே 75 வாங்கி ஜே94 என்று பெயர் வைத்தது. அவற்றில் சில டெர்பிஷையர் மலையில் குரோம்ஃபோர்ட் – ஹை பீக் பாதையில் வந்து சேர்ந்தன. அங்கே ஹாப்டன் ஏற்றம் என்று ஓரிடம். 14 அடி போனால் 1 அடி உயரும். கயிறும் பல்சக்கரமும் இல்லாமல் இன்ஜின் தன் சக்கரப் பிடிமானத்தாலேயே ஏறிய பாதைகளில் பிரிட்டனிலேயே செங்குத்தானது அதுதான். சமதளத்தில் வேகம் பிடித்துக்கொண்டு வந்து, சில வாகன்களோடு ஓங்கி ஏறும்; மூச்சு முட்டி நின்றுவிட்டால் கீழே இறங்கி மறுபடி ஓடிவரும். 1967-இல் பாதை மூடப்படும் வரை இந்த மல்லுக்கட்டு நடந்தது.

இவற்றின் உண்மையான வாழ்க்கை நிலக்கரிச் சுரங்கத்தில்தான். 1947 ஜனவரி 1-இல் பிரிட்டிஷ் சுரங்கங்கள் தேசியமயமாயின. தேசிய நிலக்கரி வாரியம் ராணுவம் கழித்துவிட்டதை வாங்கியது. போதாமல் புதிதாகவும் செய்யச் சொன்னது. போர்க்கால இன்ஜினின் உற்பத்தி போர் முடிந்து 19 வருஷம் கழித்து, 1964-இல்தான் நின்றது. மொத்தம் 485.

சுரங்க வாயிலில் ஒரு ஷிப்ட் எப்படிப் போகும்? சலித்த நிலக்கரி ரகவாரியாக வாகன்களில் விழுகிறது. நிரம்பியதை வெளியே இழுத்து, எடைமேடையில் ஒவ்வொன்றாக நிறுத்தி, மெயின் லைன் ரயிலுக்கு வரிசை கட்டி வைத்துவிட்டு, காலி வாகன்களைத் திரும்ப உள்ளே தள்ள வேண்டும். இன்ஜினில் டிரைவர், ஃபயர்மேன். கீழே தரையில் ஷண்டர். அவர் கையில் நுனியில் கொக்கி வைத்த நீண்ட கழி. இரண்டு வாகன்கள் மோதி நெருங்கும் அந்த நொடியில் மூன்று வளையச் சங்கிலியைக் கழியால் வீசி மாட்டுவார். நெளிவு சுளிவு தெரிந்தவருக்கு மணிக்கட்டை ஒரு திருகு திருகினால் போதும். தெரியாமல் நடுவே புகுந்தவர்கள் பஃபர்களுக்கிடையே நசுங்கிச் செத்திருக்கிறார்கள். வாகன்களுக்கு இன்ஜினிலிருந்து இயங்கும் பிரேக் கிடையாது. பக்கத்தில் ஓடிக்கொண்டே கைநெம்புகோலைத் தடியால் அழுத்தி நிறுத்த வேண்டும். மழை, பனி, இருட்டு எல்லாவற்றிலும் இதே வேலைதான். நீராவி யுகத்தைக் கொண்டாடும் புத்தகங்களில் எக்ஸ்பிரஸ் டிரைவர்களுக்குப் பக்கம் பக்கமாக இடமுண்டு. அந்த ரயிலைக் கோர்த்துக் கொடுத்தவருக்கு ஒரு பத்தி கிடைத்தால் அதிகம்.

பிரிட்டிஷ் ரயில்வே 1968 ஆகஸ்டில் நீராவியைக் கைவிட்டது. சுரங்கங்கள் கைவிடவில்லை. எரிபொருள் சொந்தச் சரக்கு. விலைபோகாத மட்டக் கரியைக்கூட இதில் போட்டு எரிக்கலாம். லங்காஷையரின் வாக்டன் போன்ற மையப் பட்டறைகளில் இன்ஜின்களைப் பிரித்து மாட்டும் ஆட்களும் இருந்தார்கள். 1956-இன் தூய காற்றுச் சட்டத்தால் புகைக்குக் கெடுபிடி வந்தபோது, நெருப்புக்கு அடியிலிருந்து கரியை ஊட்டும் கருவியை ஹன்ஸ்லெட் பொருத்திப் பார்த்தது. ஆஸ்திரிய இன்ஜினீயர் கீஸல்-கீஸ்லிங்கன் வடிவமைத்த தட்டைப் புகைபோக்கியைச் சில இன்ஜின்களுக்கு மாட்டினார்கள். பார்க்க விகாரம்தான், ஆனால் கரி மிச்சமாயிற்று. 1980-களின் தொடக்கத்திலும் லங்காஷையரின் பிக்கர்ஷா, போல்ட் சுரங்கங்களில் ஆஸ்டெரிட்டி ஓடிக்கொண்டிருந்தது.

இதற்கு ஒரு அமெரிக்கப் பங்காளி உண்டு. அமெரிக்க ராணுவத்துக்காகக் கர்னல் ஹோவர்ட் ஹில் வடிவமைத்த எஸ்100. 382 செய்தார்கள். போருக்குப் பின் ஃபிரான்ஸ் 77 வாங்கியது. பிரிட்டனின் சதர்ன் ரயில்வே 15 வாங்கிப் பதினான்கை சவுதாம்ப்டன் துறைமுகத்தில் ஓடவிட்டது, ஒன்று உதிரிபாகத்துக்கு. யுகோஸ்லாவியாவோ வாங்கியது போதாமல், ஸ்லாவோன்ஸ்கி பிரோட் நகரத்து ஜூரோ ஜாகோவிச் ஆலையில் அதைப் பார்த்துத் தானே செய்ய ஆரம்பித்தது. அந்த 62-ஆம் வகை இன்ஜின்கள் போஸ்னியாவின் க்ரெகா நிலக்கரிச் சுரங்கங்களில் இந்த நூற்றாண்டிலும் கூலிக்கு உழைத்தன.

பழைய இன்ஜின்களைக் காப்பாற்றிய கதைக்கு வருவோம். யார்க்‌ஷையரின் கீத்லி அண்ட் வொர்த் வேலி ரயில்வேயை 1968 ஜூன் 29-இல் தன்னார்வலர்கள் மறுபடி திறந்தபோது முதல் ரயிலை இழுத்த இரண்டு இன்ஜின்களில் ஒன்று, சவுதாம்ப்டனில் மூட்டை தள்ளிய அமெரிக்க எஸ்100. அதைத் தற்செயல் என்று சொல்ல மாட்டேன். அன்று ஆர்வலர்கள் மீட்ட பெரிய இன்ஜின்கள் பல, வேல்ஸின் பாரி நகரத்துப் பழைய இரும்புக் கடையில் வருஷக்கணக்கில் உப்புக்காற்றில் கிடந்தவை. ஓட வைக்கப் பணமும் காலமும் வேண்டும். சுரங்கத்து ஆஸ்டெரிட்டியோ நேற்றுவரை வேலை பார்த்த இன்ஜின், விலையும் குறைவு. அதற்கு வாக்குவம் பிரேக்கைப் பொருத்திப் பயணிகள் பெட்டியைக் கோர்த்தார்கள். பல பாரம்பரிய ரயில்வேக்களின் ஆரம்ப நாட்களில் டிக்கெட் காசைச் சம்பாதித்துக் கொடுத்தது இதுதான். பெரிய இன்ஜின்கள் பளபளவென்று வந்த பிறகு இதைப் பின்புறத் தடத்துக்குத் தள்ளிவிட்டார்கள்.

இன்று சுமார் 70 ஆஸ்டெரிட்டிகள் மிஞ்சியிருக்கின்றன. இத்தனை எதற்கு என்று ஆர்வலர்களே அலுத்துக்கொள்வதுண்டு. பத்து வருஷத்துக்கு ஒரு முறை பாய்லரை முழுதாகப் பிரித்துச் சோதிக்க வேண்டும். அந்தச் செலவு வரும்போது புகழ்பெற்ற இன்ஜினுக்கே நன்கொடை சேர்கிறது. சிலவற்றுக்கு விநோதமான மறுபிறவியும் வாய்த்தது. நம் வீட்டுக் குழந்தைகளும் பார்க்கும் 'தாமஸ்' கதையின் இன்ஜினுக்கு மாதிரியாக இருந்த ஈ2 வகையில் ஒன்றுகூட மிஞ்சவில்லை, எல்லாம் இரும்பு விலைக்குப் போய்விட்டன. அதனால் மிட் ஹாண்ட்ஸ் ரயில்வேயில் ஒரு ஆஸ்டெரிட்டியின் முதுகுத் தொட்டியைக் கழற்றிவிட்டு, பக்கத் தொட்டி வைத்து, நீல வர்ணம் அடித்து, முகம் மாட்டித் தாமஸ் ஆக்கினார்கள். தூய்மைவாதிகள் முகம் சுளித்தார்கள். எனக்கு அதில் கோபமில்லை. குழந்தைகள் கூட்டத்தில் வரும் வருமானம் பட்டறைக் கூலிக்கு ஆகிறது. உறுத்துவது வேறு. ஒரு ஆஸ்டெரிட்டி ஒருபோதும் வேலை பார்த்திராத ரயில்வே கம்பெனியின் வர்ணத்தை அதற்கு அடித்து, மெயின் லைன் இன்ஜினாக வேஷம் கட்டுகிறார்களே, அதுதான். வேல்ஸிலும் லங்காஷையரிலும் சுரங்க வாயிலில் முப்பது வருஷம் உழைத்த அடையாளம் அந்த வர்ணத்துக்கு அடியில் மறைந்துபோகிறது. சிலவற்றையாவது சுரங்க வர்ணத்திலேயே, வாகன்களைக் கோர்த்து, ஷண்டரின் கழியோடு ஓட்டிக் காட்ட வேண்டும்.

இன்னொரு சிக்கல் வந்திருக்கிறது. பிரிட்டனின் கடைசி ஆழ்சுரங்கமான கெல்லிங்லி 2015 டிசம்பரில் மூடப்பட்டது. வேல்ஸின் ஃபோஸ்-இ-ஃப்ரான் திறந்தவெளிச் சுரங்கம் 2023-இல் நின்றது. சுரங்கத்துக்கு உழைத்த இன்ஜின்கள் இப்போது கப்பலில் வரும் வெளிநாட்டுக் கரியை எரிக்கின்றன. உயிர்க்கழிவு கலந்து செய்த கட்டிக்கரியையும் சில ரயில்வேக்கள் சோதித்துப் பார்க்கின்றன. விலை ஏறிக்கொண்டே போனால் முதலில் குளிர்ந்துபோகும் பாய்லர்களில் ஆஸ்டெரிட்டியும் இருக்கும்.

லண்டனில் இருக்கும் நம்மவர்கள் ஒரு கோடை விடுமுறையில் கென்ட் மாவட்டத்து டென்டர்டனுக்குப் போய் வரலாம். அங்குள்ள கென்ட் அண்ட் ஈஸ்ட் சசெக்ஸ் ரயில்வேயில் ஆஸ்டெரிட்டிகளும் எஸ்100-களும் இருக்கின்றன. 1964-இல் வந்த கடைசி ஆஸ்டெரிட்டி பக்கிங்ஹாம்ஷையரின் குவெய்ன்டனில் இருக்கிறது. எந்த இன்ஜினில் எப்போது நெருப்பு மூட்டுகிறார்கள் என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். ஃபயர்மேனிடம் இன்ஜெக்டர் எப்படி நடந்துகொள்கிறது என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். அடுத்த ரயிலைத் தவறவிடத் தயாராக இருங்கள்.