வெட்டிய சொல்லிற் பிறந்த பறவை

மட்டக்களப்பு வாவிக்கரையில் வாழும் எமக்கு மீன் பாடுவது புதுமையன்று. கண்ணுக்குப் புலனாகாத அம்மீனைச் சென்ற மாதம் மாணவனொருவன் எனக்குக் காட்டினான். அவன் கட்டுரையில் யான் சிவப்பு மையால் வெட்டிய சொற்களைக் கோடுகளால் இணைத்து, வாய் திறந்த மீனொன்றாக்கியிருந்தான். செதிலில்லை, துடுப்பில்லை, ஆயினும் அது மீனே. "இது சித்திர வகுப்போ?" எனக் கடிந்து கொப்பியைத் திருப்பிக் கொடுத்தேன்.

அன்றிரவு, தாகூரின் கையெழுத்துப் படிகளைப் படம்பிடித்து வெளியிட்ட நூலொன்றைப் புரட்டுகையில் திடுக்குற்றேன். 1924ஆம் ஆண்டு ஆர்ஜென்டீனாவில் தங்கி, 'பூரபி' தொகுதிக்குரிய கவிதைகள் பலவற்றை எழுதிய காலம் அது. தாம் அடித்த வரிகளை அலங்கோலமாய்க் கிடக்கவிட மனமில்லாத கவிஞர், அவற்றை ஒன்றோடொன்று பிணைத்தார். அப்பிணைப்பிற் பறவையின் அலகும், பெயரறியா விலங்கின் முதுகும் எழுந்தன. அவை உயிருள்ள விலங்கைப் பார்த்து வரைந்தவை அல்ல. கோட்டின் ஓட்டமே விலங்காயிற்று. அக்காலத்தில் ஐரோப்பாவிலும் பால் கிளே போன்ற ஓவியர் பறவையையும் மீனையும் சில கோடுகளாகச் சுருக்கிக் கொண்டிருந்தனர். 1930இல், எழுபதை நெருங்கிய பருவத்தில், தாகூர் தம் ஓவியங்களைப் பாரிஸ் நகரிற் காட்சிக்கு வைத்தார். அவற்றின் வித்து, வேண்டாமென்று விலக்கிய சொற்களே!

மறுநாள் அக்கொப்பியைக் கேட்டு வாங்கினேன். மீன் இருந்த தாளை அவன் கிழித்திருந்தான்.

பிழை களைதல் ஆசிரியர் கடனே. களைந்த இடத்தில் முளைப்பதைக் காணுதலும் நம் கடனன்றோ?