உரிமம் பெற்றவர் இறந்தபின் அவருடைய துப்பாக்கி

துப்பாக்கி உரிமம் ஒருவர் பெயருக்கு மட்டுமே தரப்படுவது. அவர் இறந்ததும் அதுவும் முடிகிறது. நிலம், நகைபோலத் துப்பாக்கி தானாக வாரிசின் கைக்கு வருவதில்லை. பத்திரங்களைத் தேடி எடுத்துப் பெயர் மாற்றும் குடும்பங்கள், பீரோவில் இருக்கும் துப்பாக்கியை மட்டும் ஆண்டுக்கணக்கில் அப்படியே விட்டுவிடுகின்றன. ‘அப்பாவுக்கு லைசென்ஸ் இருந்தது’ என்ற பதில் வழக்கில் நிற்காது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். 2019 திருத்தத்துக்குப் பின் அதற்கு 2 முதல் 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு.

முதலில், துப்பாக்கியை எடுத்து இயக்கிப் பார்க்கவே கூடாது. அரைத் தானியங்கி ரைஃபிளில் மேகசினைக் கழற்றிய பிறகும் குழலுக்குள் ஒரு தோட்டா ஏறியிருக்கலாம். விசையைத் தொட்டால் அது வெடிக்கும். காலி என்று நம்பிக் கையாளும்போதுதான் உயிர் போகிறது. அறையைப் பூட்டி, குழந்தைகளை அண்டவிடாமல், காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும்.

அடுத்தது ஒப்படைப்பு. சட்டத்தின் 21ஆம் பிரிவு, தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைக்கச் சொல்கிறது. இறப்புச் சான்றிதழ், அசல் உரிமம் ஆகியவற்றின் நகல்களோடு எழுத்தில் மனுக் கொடுக்க வேண்டும். துப்பாக்கியின் வகை, வரிசை எண், தோட்டாக்களின் எண்ணிக்கை மூன்றும் ரசீதில் இருக்க வேண்டும். ‘அப்புறம் வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று அனுப்பும் நிலையங்கள் உண்டு. ரசீது இல்லாமல் திரும்பக் கூடாது. தர மறுத்தால் மனுவைப் பதிவுத் தபாலில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்ப வேண்டும். விதிகளில் குறித்த கெடுவுக்குள் திரும்பப் பெறாமலும் விற்காமலும் விட்டால் ஆயுதம் அரசுக்குப் போய்விடும்.

வைத்துக்கொள்ள விரும்பும் வாரிசு, 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி ஏ-1 படிவத்தில் விண்ணப்பிக்கலாம். தமிழ்நாட்டில் மாவட்டங்களில் ஆட்சியரும், மாநகரக் காவல் எல்லைகளில் காவல் ஆணையரும் உரிமம் தருகின்றனர். தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையில்லாக் கடிதம், மருத்துவச் சான்று, பாதுகாப்பாக வைப்பதற்கான உறுதிமொழி ஆகியவற்றை முன்பே திரட்டுவது நல்லது. வாரிசாகப் பெறுவதையும் சேர்த்து ஒருவர் 2 துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. அரைத் தானியங்கி ரைஃபிள்கள் கட்டுப்படுத்தப்பட்ட வகை. அவற்றுக்கு ஒன்றிய உள்துறை அமைச்சகத்தின் அனுமதி தேவை. வேண்டாதவர்கள், விற்பதற்கான அனுமதியை உரிம அதிகாரியிடம் கேட்கலாம்.

விண்ணப்பம் பற்றிய காவல்துறை அறிக்கை வரவில்லை என்று கோப்பைக் கிடப்பில் போடுவது அலுவலகங்களின் வாடிக்கை. அறிக்கை உரிய காலத்தில் வராவிட்டால் அதற்காகக் காத்திராமலே முடிவெடுக்க 13ஆம் பிரிவு உரிம அதிகாரிக்கு இடம் தருகிறது. அதைக் குறிப்பிட்டே நினைவூட்டுக் கடிதம் எழுத வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டுப் பெற்று, 18ஆம் பிரிவின்கீழ் மேல்முறையீடு செய்யலாம்.

உரிமதாரர் 70 வயதை எட்டினாலோ, துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, தம் காலத்திலேயே வாரிசு ஒருவரை முன்மொழிந்து அவர் பெயருக்கு உரிமம் கேட்க விதி உண்டு. பலரும் இதைப் பயன்படுத்துவதில்லை. உரிமதாரர் இறந்துவிட்டால், புதிய உரிமம் கைக்கு வரும்வரை துப்பாக்கி வீட்டில் இருக்கக் கூடாது.