கைத்தட்டலை எண்ணினால் போதுமா?

கோலசிலாங்கூர் வட்டாரத்தில் புக்கிட் ரோத்தானாகட்டும், ஈஜோக்காகட்டும், தோட்டப்புறத்தில் மாலை வேளையில் உறுமிச் சத்தம் கேட்டால் திருவிழா நெருங்கிவிட்டது என்று பொருள். அங்கே பையன்களுக்கு அடி சொல்லிக் கொடுப்பவர் பெரும்பாலும் பகலில் வேறு வேலை பார்க்கும் ஓர் அண்ணன்தான். "அவரிடம் போன பிறகு என் பிள்ளை மாறிவிட்டான்" என்பார் அம்மா. "படிப்புதான் கெட்டது" என்பார் அப்பா. இவர்களில் யார் சொல்வது சரி?

இதை அளக்க வழி உண்டு. உலகச் சுகாதார நிறுவனம் 1998-இல் வெளியிட்ட ஐந்து கேள்விகள் முப்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் உள்ளன. கடந்த 2 வாரங்களில் மனம் உற்சாகமாக, அமைதியாக இருந்ததா, உடலில் சுறுசுறுப்பு இருந்ததா, களைப்பு நீங்கி எழுந்தாயா, அன்றாட வாழ்க்கையில் ஈடுபாடு இருந்ததா என்பவையே அவை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை புள்ளிகள். கூட்டி 4-ஆல் பெருக்கினால் 100-க்குக் கணக்கு வரும். 50-க்குக் கீழே போனால் அந்தப் பிள்ளையோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

கேட்கும் முறையில்தான் சூட்சுமம். அண்ணனே கேட்டால் பையன் மரியாதைக்கு 5 போட்டுவிடுவான். ஆகவே வேறொருவர், பெயர் எழுதச் சொல்லாமல், எண்ணை மட்டும் வைத்துக் கேட்கட்டும். சேரும் நாளில் ஒரு முறை, ஆறு மாதம் கழித்து ஒரு முறை. திருவிழா முடிந்த மறுநாள் மட்டும் வேண்டாம். அன்று எல்லாரும் ராஜாக்கள்!

இன்னொரு சிக்கலும் உண்டு. ஆறு மாதத்தில் பிள்ளை தானாகவே வளர்கிறான். அது இசையின் பலனா, வயதின் பலனா? வெனிசுவேலாவில் ஹோசே அந்தோனியோ அப்ரேயு 1975-இல் தொடங்கிய இசைப் பயிற்சித் திட்டத்தை 2012, 2013-ஆம் ஆண்டுகளில் ஆய்வு செய்தவர்கள் இதற்கு விடை கண்டார்கள். 16 மையங்கள், 2,914 பிள்ளைகள். குலுக்கல் முறையில் பாதிப் பேர் உடனே சேர்ந்தார்கள், மீதிப் பேர் ஓராண்டு காத்திருந்தார்கள். முதலில் சேர்ந்தவர்களிடம் சுயகட்டுப்பாடு சற்றே கூடியது, நடத்தைச் சிக்கல்கள் சற்றே குறைந்தன. அதிகம் படிக்காத தாய்மார்களின் பிள்ளைகளிடம் பலன் கூடுதலாகத் தெரிந்தது. பிறரோடு பழகும் பண்பில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. அதையும் மறைக்காமல் எழுதினார்கள்.

நம்மிடமும் மேளம் குறைவு, பையன்கள் அதிகம். காத்திருப்பவர்களிடமும் அதே ஐந்து கேள்விகளைக் கேட்டால் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

மூன்றாம் மாதத்தில் நின்றுவிட்ட பையன் என்ன ஆனான்? அவனைக் கணக்கிலிருந்து எடுத்தால் சராசரி தானாக ஏறிவிடும். மைக் பிடிக்கும் என்னைப் போன்றவர்களும் மேடையில் நிற்பவனைத்தான் படம் பிடிக்கிறோம். அந்தத் தாளோடு முதலில் போக வேண்டியது நின்றுவிட்டவன் வீட்டுக்கு.