கியர் பெட்டிக்கு எந்த எண்ணெய்?

செங்கோட்டையைத் தாண்டி மேற்கே போனால் புளியறை. அங்கே சாலையின் இருபுறமும் வயல். எதிரே மலை. சோதனைச் சாவடியைக் கடந்ததும் சாலை ஏறத் தொடங்கும். சிறிது தூரத்தில் பெரிய வளைவு ஒன்று வரும். ஆங்கில எழுத்து "எஸ்" போல வளைந்து கிடப்பதால் அதற்கு "எஸ் வளைவு" என்று பெயர். அதற்கு மேலே போனால் கேரள எல்லை. அப்பால் ஆரியங்காவு, தென்மலை, புனலூர், கொல்லம்.

குற்றால சீசனில் இந்தப் பாதையில் கார்கள் வரிசையாகப் போகும். கார்த்திகை பிறந்தால் அய்யப்ப பக்தர்கள் வருவார்கள். பாரம் ஏற்றிய லாரிகள் ஊர்ந்து ஊர்ந்து ஏறும். அவற்றுக்குப் பின்னால் கார்களும் ஊரும்.

இந்த ஏற்றத்தில்தான் காரின் குட்டு வெளிப்படும்!

பாதி வழியில் நின்ற கார்

ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். தந்தை வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவர். பல ஆண்டுச் சேமிப்பைப் போட்டு, மேற்கொண்டு கடனும் வாங்கி, பழைய சொகுசுக் கார் ஒன்றை வாங்குகிறார். கல்யாணத்துக்கு விடலாம். கேரளா போகிறவர்களுக்கு ஓட்டலாம். மகளின் படிப்புச் செலவு அதில் வந்துவிடும் என்பது அவர் கணக்கு.

அந்தக் காரில் கிளட்ச் மிதி கிடையாது. கியர் தானாகவே மாறிக்கொள்ளும்.

"பழைய கார் ஆயிற்றே, எண்ணெயை மாற்றிவிடுவோம்" என்று அவர் நினைக்கிறார். நல்ல எண்ணம்தான். கடையில் கிடைத்த சிவப்பு எண்ணெயை வாங்கி ஊற்றுகிறார். இரண்டு வாரம் கழித்துப் புளியறை ஏற்றத்தில் கார் திணறுகிறது. என்ஜின் இரைகிறது, வண்டி ஏறவில்லை. உள்ளே இருப்பவர்களுக்குத் தீய்ந்த வாடை அடிக்கிறது.

வயதான மெக்கானிக் ஒருவர் வருகிறார்.

"என்ன எண்ணெய் ஊத்துனீக தம்பி?"

"நல்ல எண்ணெய்தான் அண்ணாச்சி. வெல கூடுனது. செவப்பு எண்ணெய்."

"செவப்புங்கறது நெறம்லா? பேரு என்னன்னு கேட்டேன்."

தம்பியிடம் பதில் இல்லை. இது கற்பனைக் காட்சிதான். ஆனால், பெயர் தெரியாமல் எண்ணெய் ஊற்றும் எந்தக் காருக்கும் இந்தக் கதி வரலாம்.

இரண்டு மின்விசிறிகள்

தானாக மாறும் கியர் பெட்டிக்குள் என்ன நடக்கிறது? வீட்டில் உள்ள பொருளைக் கொண்டே புரிந்துகொள்ளலாம்.

இரண்டு மேசை விசிறிகளை எதிர் எதிரே வையுங்கள். ஒன்றை மட்டும் ஓடவிடுங்கள். அதன் காற்று பட்டு மற்ற விசிறியும் மெல்லச் சுழலும். இரண்டுக்கும் நடுவே கம்பி இல்லை, சங்கிலி இல்லை. காற்றுதான் ஆற்றலைக் கொண்டுபோகிறது.

இந்தக் கார்களில் பெரும்பாலானவற்றில் இப்படித்தான் வேலை நடக்கிறது. காற்றுக்குப் பதிலாக அங்கே இருப்பது எண்ணெய். என்ஜின் ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அது எண்ணெயை வாரி அடிக்கிறது. அந்த வேகத்தில் அடுத்த சக்கரம் சுழல்கிறது. கார் நகருகிறது.

எண்ணெயின் வேலை அத்தோடு முடியவில்லை. கியரை மாற்றும் கிளட்ச் தட்டுகளை அழுத்திப் பிடிப்பதும் அந்த எண்ணெயின் அழுத்தம்தான். பற்சக்கரங்கள் தேயாமல் காப்பதும் அதுதான். உள்ளே உண்டாகும் சூட்டை வெளியே கொண்டுபோவதும் அதுதான்.

என்ஜினில் உள்ள எண்ணெயின் முதன்மையான வேலை வழவழப்பைத் தருவது. கியர் பெட்டியில் உள்ள எண்ணெய் அப்படி அல்ல. அதுவும் ஓர் எந்திர உறுப்பு!

வழுக்கவும் வேண்டும், பிடிக்கவும் வேண்டும்

இங்கேதான் சிக்கல் இருக்கிறது. கிளட்ச் தட்டுகள் எண்ணெயில் ஊறிக்கொண்டே இருக்கின்றன. கியர் மாறும்போது அவை ஒன்றை ஒன்று பற்ற வேண்டும். எண்ணெய் அதிகமாக வழுக்கினால் பிடி நழுவும். தட்டு தேய்ந்து கருகும். வழுக்கல் குறைந்தால் தட்டுகள் வெடுக்கென்று பிடிக்கும். கார் குலுங்கும்.

எவ்வளவு வழுக்க வேண்டும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும்.

1939-ம் ஆண்டில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி, "ஹைட்ராமேட்டிக்" என்ற தானியங்கி கியர் பெட்டியை அறிமுகம் செய்தது. 1940-ம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் அது பொருத்தப்பட்டது. 1949-ம் ஆண்டில், இத்தகைய பெட்டிக்கான எண்ணெய் எப்படி இருக்க வேண்டும் என்று அந்தக் கம்பெனி இலக்கணம் வகுத்தது. "டைப் ஏ" என்பது அதன் பெயர். 1967-ல் "டெக்ஸ்ரான்" வந்தது. அது வழுவழுப்பு கூடியது. கியர் மெத்தென்று மாறும்.

அதே காலத்தில் போர்டு கம்பெனி "டைப் எப்" என்ற எண்ணெயைக் கொண்டுவந்தது. அது நேர்மாறானது. வழுக்கல் குறைவு; பிடி இறுக்கம். இரண்டுமே நல்ல எண்ணெய்கள்தான். ஆனால், ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் மற்றொன்றை ஊற்றினால் தொல்லைதான். ஒருவருக்கு எழுதிக் கொடுத்த மருந்தை இன்னொருவர் குடிக்கலாமா?

திமிங்கிலம் தந்த எண்ணெய்

இன்னொரு செய்தி உங்களுக்கு வியப்பாக இருக்கும். அந்த நாளைய டெக்ஸ்ரான் எண்ணெயில் திமிங்கில எண்ணெய் கலந்திருந்தது! கிளட்ச் தட்டுகள் இதமாகப் பிடிப்பதற்கு அது உதவியது.

1970-களின் தொடக்கத்தில், அழிந்துவரும் திமிங்கிலங்களைக் காப்பாற்ற அமெரிக்கா சட்டம் செய்தது. திமிங்கில எண்ணெய்க்கு வழி அடைந்தது. விஞ்ஞானிகள் வேறு பொருள்களைச் சேர்த்துப் புது எண்ணெய் தயாரித்தார்கள். முதலில் வந்த எண்ணெய், அதைக் குளிர்விக்கும் கருவியில் இருந்த உலோகப் பற்றை அரித்தது. பிறகு அந்தக் குறையும் நீக்கப்பட்டது.

எண்ணெயில் கலக்கும் பொருள் ஒன்று மாறினாலும் கியர் பெட்டிக்குத் தெரிந்துவிடும். நம் கண்ணுக்குத் தெரியாது.

சிவப்பை நம்பாதீர்கள்

"எல்லாம் சிவப்பாகத்தானே இருக்கிறது?" என்று கேட்கலாம். சிவப்பு என்பது சாயம். என்ஜின் எண்ணெயோடு குழம்பாமல் இருக்கவும், ஒழுகினால் எது ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்கவும் சேர்த்த நிறம். அது தரத்தின் அடையாளம் அல்ல. நீல நிற எண்ணெயும் உண்டு. பச்சை நிற எண்ணெயும் உண்டு.

விலையும் வழிகாட்டி அல்ல. விலை உயர்ந்த எண்ணெயாக இருந்தாலும், உங்கள் காருக்கு உரியது அல்ல என்றால் அது வீண்.

பிறகு எதைப் பார்ப்பது? பெயரையும் எண்ணையும் பார்க்க வேண்டும்.

பி.எம்.டபிள்யூ. உள்ளிட்ட பல சொகுசுக் கார்களுக்கு, ஜெர்மனியைச் சேர்ந்த இசட்.எப். கம்பெனி கியர் பெட்டிகளைச் செய்து தருகிறது. அதன் 6 கியர் பெட்டிக்கு ஓர் எண்ணெய். 8 கியர் பெட்டிக்கு வேறு எண்ணெய். பென்ஸ் கார்களில் 7 கியர் உள்ள பெட்டியிலேயே இரண்டு வகை உண்டு. முந்தியதற்கு 236.14 என்ற எண் கொண்ட எண்ணெய், பிந்தியதற்கு 236.15. டொயோட்டாவும் அதன் சொகுசுக் காரான லெக்சசும் முன்பு "டி-4" என்ற எண்ணெயைப் பயன்படுத்தின. பிறகு வந்த கார்களில் "டபிள்யூ.எஸ்." என்பது வந்தது. இது மெல்லியது. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை ஊற்றக் கூடாது.

கம்பெனி ஒன்றாக இருந்தாலும் ஆண்டு மாறினால் எண்ணெய் மாறலாம் என்பதைக் கவனியுங்கள்.

தேர்ந்தெடுப்பது எப்படி?

முதலில், காருடன் தரும் கையேட்டைப் பாருங்கள். கியர் பெட்டி எண்ணெயின் பெயரும் எண்ணும் பெரும்பாலும் அதில் இருக்கும். பழைய கார் வாங்கும்போது கையேட்டையும் கேட்டு வாங்குங்கள்.

கையேடு இல்லையா? காரின் சேசிஸ் எண்ணைக் கம்பெனியின் சர்வீஸ் நிலையத்தில் கொடுத்தால், உரிய எண்ணெயைச் சொல்லிவிடுவார்கள். கியர் பெட்டியின் மேல் ஒட்டிய தகட்டிலும் விவரம் இருக்கும்.

அடுத்து, பெட்டியின் வகையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். "சி.வி.டி." என்ற வகையில் பெரும்பாலும் எஃகுப் பட்டை ஒன்று இரு கப்பிகளுக்கு இடையே ஓடும். இரட்டைக் கிளட்ச் கொண்ட வகையும் உண்டு. கிளட்ச் மிதி இல்லாததால் எல்லாம் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால், எண்ணெய் வேறு வேறு. சி.வி.டி. பெட்டியில் சாதாரண தானியங்கி கியர் எண்ணெயை ஊற்றினால், பட்டை வழுக்கிப் பெட்டி பாழாகும்.

டப்பாவில் அச்சிட்டிருப்பதையும் படியுங்கள். கார் கம்பெனி சோதித்து ஒப்புதல் கொடுத்த எண்ணெய் ஒன்று. "இந்தக் கார்களுக்கும் பொருந்தும்" என்று எண்ணெய் கம்பெனி தானாகச் சொல்லிக்கொள்வது வேறு. ஒப்புதல் எண் அச்சிட்ட டப்பாவை, முத்திரை உடையாமல் வாங்குங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

எண்ணெய் குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. பல சொகுசுக் கார்களில் அளவு பார்க்கும் குச்சி கிடையாது. காரைச் சமமாகத் தூக்கி நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டு, எண்ணெய் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போது அளவு பார்க்க வேண்டும். இது தெரிந்தவர் கையில்தான் வேலையை ஒப்படைக்க வேண்டும்.

ஆயுள் முழுவதும் வருமா?

"இந்தக் காருக்கு எண்ணெயே மாற்ற வேண்டாம். ஆயுள் முழுவதும் வரும்" என்று சிலர் சொல்வார்கள். சில கார் கம்பெனிகளும் அப்படிச் சொன்னதுண்டு. ஆனால், பெட்டியைச் செய்யும் இசட்.எப். கம்பெனி, 80 ஆயிரம் முதல் 1 லட்சத்து 20 ஆயிரம் கிலோ மீட்டருக்குள், அல்லது 8 ஆண்டுகளுக்குள், எண்ணெயை மாற்றச் சொல்கிறது.

மலை ஏறும் கார்களுக்கு இது முக்கியம். லாரிக்குப் பின்னால் மெதுவாக ஏறும்போது, பெட்டிக்குள் ஒரு சக்கரம் வேகமாகச் சுழலும், மற்றது பின்தங்கும். அந்த வித்தியாசம் முழுவதும் சூடாக மாறி எண்ணெயில் இறங்கும். சூடு ஏற ஏற எண்ணெய் சீக்கிரம் கெடும். சமதரையில் ஓடும் காருக்கு வரும் எண்ணெய், தினம் மலை ஏறும் காருக்கு அத்தனை நாள் வராது.

ஏற்றத்தில் என்ஜின் இரைந்தும் கார் வேகம் எடுக்காவிட்டால் ஜாக்கிரதை! கியர் மாறும்போது உதறல் இருந்தாலும், தீய்ந்த வாடை வந்தாலும், எச்சரிக்கை விளக்கு எரிந்தாலும் வீம்பாக ஓட்டாதீர்கள். வளைவு இல்லாத இடத்தில் ஓரமாக நிறுத்துங்கள். ஆட்களை இறக்குங்கள். கயிறு கட்டி இழுக்காமல், காரை லாரியில் ஏற்றிக் கொண்டுபோவது நல்லது. என்ஜின் சுழற்றும் சக்கரங்கள் உருண்டுகொண்டே போனால், எண்ணெய் ஓடாத பெட்டி உள்ளே தேயும்.

ஒரு துண்டுக் காகிதம்

நம் கதையில் வந்த குடும்பத் தலைவரிடம் திரும்புவோம். தவறான எண்ணெய் என்று அன்றே தெரிந்ததால், அதை முழுவதும் வடித்துவிட்டு உரிய எண்ணெயை ஊற்றிப் பார்க்கலாம். தட்டுகள் கருகாமல் இருந்தால் பிழைத்தார். கருகிவிட்டால் பெட்டியைப் பிரிக்க வேண்டும். சொகுசுக் காரின் கியர் பெட்டி என்றால் செலவு லட்சக் கணக்கில் போகும். மகளின் படிப்புக்கு என்று போட்ட கணக்கு அங்கே முடிந்துவிடும்.

வயதான மெக்கானிக் கடைசியாக என்ன சொல்லுவார் தெரியுமா?

"ஒரு துண்டுக் காயிதத்துல எண்ணெய் பேரையும் நம்பரையும் எழுதி வண்டியிலேயே ஒட்டி வையிங்க தம்பி. நாளைக்கு யாரு கையில வண்டியக் குடுத்தாலும் அதக் காட்டுங்க."

காகிதம் ஒட்ட ஐந்து நிமிடம் ஆகும். உங்கள் வீட்டில் இத்தகைய கார் இருந்தால், அடுத்த முறை மலை ஏறுவதற்கு முன்பே அதை எழுதி ஒட்டிவிடுங்கள்.